உள்ளுக்கையோ, வெளியிலையோ

"பாப்பம்" என்ற சொல்லை அந்த வீட்டில் சொல்லக் கூடாது. குருநகர்க் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையொன்றில் நான் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்கார அக்கா எனக்குப் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறேன், யாருடன் தொலைபேசியில் கதைக்கிறேன், கிணற்றடியில் எவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறேன் என்றெல்லாம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்தில், 'பார்ப்போம்' என்று பொருள்படும் அந்தச் சொல் இல்லாமல் ஒரு பகல் கழியாது. பிடிக்காத சம்பந்தத்துக்குப் பாப்பம். வராத மேசன் நாளைக்கு வருவதற்குப் பாப்பம். கந்தோரில் கோப்பு ஒரு மேசையை விட்டு அடுத்த மேசைக்குப் போவதற்குப் பாப்பம். இல்லை என்று சொல்லி முகத்தை முறிக்காமலும், ஓம் என்று சொல்லி மாட்டிக்கொள்ளாமலும் ஒருவரை வாசல்வரை அனுப்பிவைக்க அதைவிட வசதியான சொல் எங்களிடம் இல்லை. அக்காவுக்கு அதைக் கேட்டாலே போதும், இடுப்பில் கை போய்விடும்.

குழாய் திருத்த வந்தவர் ஒருமுறை அரைகுறையாக விட்டுவிட்டுப் பையைத் தூக்கினார். "மிச்சத்தை நாளைக்குப் பாப்பம், அக்கா."

"என்னத்தைப் பாக்கிறது? ஒழுகுறதை நான் இஞ்சை இருந்து பாக்கிறன்தானே. நீர் வந்து பூட்டுவீரோ? ஓமோ, இல்லையோ?"

"ஓம் எண்டு வையுங்கோவன்."

"எங்கை வைக்கிறது? அலுமாரிக்குள்ளையோ?"

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்கே வேலையை முடித்தார்.

அறையைப் பார்க்கப் போன அன்று நானும் தெரியாமல், "யோசிச்சுச் சொல்லுறன், அக்கா" என்றுவிட்டேன். "யோசியும், பிள்ளை. நான் உதிலை நிக்கிறன்" என்று நிலைக்கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். நான் ஓம் என்று சொல்லும்வரை அசையவில்லை. தேவாலயத்துப் பங்குச் சுவாமியாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. "இறைவன் கைவிடமாட்டார், செபியுங்கோ" என்று சுவாமியார் ஆறுதல் சொன்னபோது, கோயில் வாசலில் எல்லோரும் கேட்க, "உதும் ஒரு பாப்பம்தானே, சுவாமி" என்றார். சுவாமியார் சிரித்துக்கொண்டே குடையை விரித்தார். வெயில்கூட இல்லை.

அவரைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தவை சில. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கலியாணம் கட்டவில்லை. நண்டு பதப்படுத்தும் இடமொன்றில் வேலை. அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதையை எடுக்கிற வேலை. விரல் நுனிகளில் எப்போதும் கீறல் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் நண்டு மணம் போகத் தேசிக்காயைப் பிளந்து கைகளில் தேய்ப்பார். எரியும், ஆனாலும் தேய்ப்பார். தாய் போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அந்தத் தம்பியை நான் கண்டதில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்களெல்லாம் கரையில் கிடந்த வருடத்தில், அவன் ஓர் ஏஜென்சிக்காரன் மூலம் வெளிநாட்டுக்குப் புறப்பட்டான். நான் அந்த வீட்டுக்குக் குடிபோனது அதற்குப் பிறகு.

அந்த ஏஜென்சிக்காரனிடமும் அக்கா கேட்டிருக்கிறார். "தம்பி பத்திரமாய்ப் போய்ச் சேருவானோ? ஓமோ, இல்லையோ?" அவன் யோசிக்காமல், "ஓம்" என்றிருக்கிறான்.

"பாப்பம் எண்டு சொல்லாத ஒரே ஆள் உவன்தான், பிள்ளை. அதாலைதான் நம்பினனான்."

கடைசி அழைப்பு ஏதோ ஒரு நாட்டின் எல்லைக் காட்டிலிருந்து வந்தது. "நாளைக்குக் கடக்கிறம், அக்கா" என்றான் தம்பி. அதற்குப் பிறகு அவனுடைய தொலைபேசி ஒலிக்கவில்லை. ஏஜென்சிக்காரனுடையதும் ஒலிக்கவில்லை. அக்கா ஏறி இறங்கிய வாசல்களிலெல்லாம் பதில் ஒன்றுதான்: பாப்பம்.

அவரிடம் மிஞ்சியிருந்தது தம்பியின் மின்னஞ்சல் கணக்கு. புறப்படும்போது அதன் கடவுச்சொல்லை அவன் அக்காவுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவர்களுடைய வள்ளத்தின் பெயர்தான் அது. கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றின் பிரதிகளையும் அதில் போட்டுவைத்திருந்தான். போய்ச் சேர்ந்ததும் முதலில் அதைத் திறந்துதான் அவற்றை எடுக்க வேண்டும். ஆகவே அந்தக் கணக்கை வேறு யாராவது திறந்தால், திறந்தது அவன். அவன் திறந்தால், உயிரோடு இருக்கிறான்.

நான் யாழ்ப்பாணம் நகரில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு சிறிய இணையச் சேவைக் கந்தோரில் வேலை செய்தேன். எந்த ஐபி முகவரி எந்த இணைப்புக்குரியது என்று பார்ப்பதும் அறுந்த இணைப்பைத் தேடிப் பிடிப்பதும்தான் என் வேலை. இதை அக்கா அறிந்த அன்றுதான் என்னை 'நீர்' என்பதை விட்டு 'நீ' என்று அழைக்கத் தொடங்கினார். ஒருநாள் மாலை தொலைபேசியை நீட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, தம்பியின்ரை மெயிலை ஆரோ கொழும்பிலை இருந்து திறந்திருக்கினம்."

அந்தப் பக்கத்தின் அடியில், கணக்கைக் கடைசியாகத் திறந்த ஐபி முகவரிகளின் வரிசை இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே கொழும்பு என்று போட்டிருந்தது.

"அக்கா, இது நீங்கள் திறந்ததுதான்."

"நான் கொழும்புக்குப் போய்க் கனகாலம்."

பொறுமையாகச் சொன்னேன். முகவரிகள் தொலைபேசிக் கம்பனிக்குச் சொந்தமானவை. கம்பனியின் பதிவு கொழும்பில். ஆகவே நீங்கள் இந்தக் குசினிக்குள் இருந்து திறந்தாலும் அது கொழும்பு என்றுதான் காட்டும். அவர்கள் தங்களிடமுள்ள முகவரிகளில் ஒன்றை உங்களுக்குத் தருவார்கள், பிறகு வேறொன்றைத் தருவார்கள். அதனால்தான் ஒவ்வொரு நாளும் புதிது புதிதாக வருகிறது. தம்பி திறந்தானா என்று பார்க்க நீங்கள் திறக்கிறீர்கள். அதுவே அடுத்த தரம் புதிய பதிவாக நிற்கிறது.

"அப்பிடியெண்டு உனக்கு வடிவாத் தெரியுமோ, இல்லாட்டில் அப்பிடி இருக்கும் எண்டு சொல்லுறியோ?"

அந்தக் கேள்விக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு முகவரி குறிப்பிட்ட ஒரு வலையமைப்பைச் சேர்ந்ததா, இல்லையா? விடை இரண்டில் ஒன்றுதான். நாட்காட்டித் தாளொன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். முகவரியில் நாலு எண்கள். முதல் மூன்றும் ஒத்துப்போயின, கடைசி எண் மட்டுமே கேள்வி. அன்று அது 97. அதை ஒன்றும் பூச்சியமுமாக எட்டு இடங்களில் எழுதினால் 01100001. அதன் கீழே, மாஸ்க் என்று நாங்கள் சொல்லும் எண்; கம்பனியுடையது 192, அதாவது 11000000. மேலே ஒன்று, கீழே ஒன்று என்றால் ஒன்று. எதிலாவது பூச்சியம் இருந்தால் பூச்சியம். கணக்கு முடிந்தபோது வந்தது 01000000, அதாவது 64. கம்பனியின் வலையமைப்பு தொடங்குவதும் 64இல். இரண்டும் ஒத்துப்போனால் முகவரி உள்ளே. போகாவிட்டால் வெளியே, அதாவது திறந்தது வேறு ஆள்.

அக்கா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"உது கலியாணம் மாதிரி. சுவாமியார் ரண்டு பேரையும் கேப்பார். ரண்டு பேரும் ஓம் எண்டால்தான் ஓம். ஒராள் வாயை மூடிக்கொண்டு நிண்டாலும் இல்லைதான்." கீறல் விழுந்த விரலை ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டு வாசித்தார். "இல்லையும் ஓமும், இல்லை. ஓமும் ஓமும், ஓம். ஓமும் இல்லையும், இல்லை. மிச்சமெல்லாம் இல்லை." பிறகு நிமிர்ந்தார். "உதிலை பாப்பம் எண்டு ஒரு இடமும் இல்லையே?"

"இல்லை, அக்கா."

"நல்ல கணக்கு" என்றார்.

அன்றிலிருந்து நான் கந்தோரில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் முகவரி வரும். வெறும் எண்கள். நான் போட்டுப் பார்த்து, "உள்ளுக்கை" என்று அனுப்புவேன். "வடிவாப் பார்" என்று வரும். இன்னொருமுறை போட்டுவிட்டு, "உள்ளுக்கைதான், அக்கா" என்று அனுப்புவேன். வேலையிடத்தில் கையுறையைக் கழற்றித் தேத்தண்ணி குடிக்கிற அந்தச் சிறு இடைவேளையில்தான் அவர் அதை அனுப்புகிறார் என்று பிறகு தெரிந்தது.

நாட்காட்டித் தாள்களில் அவரும் கணக்குப் போடுகிறார் என்பது இன்னும் பிந்தித்தான் தெரிந்தது. குசினியில் சீனிப் போத்தலுக்குக் கீழே அவை மடித்துக் கிடந்தன. ஒன்றிலும் பிழை இல்லை.

"நீங்களே சரியாச் செய்யிறியள். பேந்து ஏன் என்னைக் கேக்கிறியள்?"

"எனக்கும் உள்ளுக்கையெண்டுதான் வருது. நான் எங்கையாவது பிழை விட்டிருப்பன் எண்டு நினைச்சுத்தான் உன்னைக் கேக்கிறனான்."

மாஸ்க் என்ற பெயரை அவர் ஏற்கவில்லை. "மாஸ்க் எண்டால் மூக்குக்குப் போடுறதெல்லே? இது கண். எது பிடிபடும், எது தப்பும் எண்டு சொல்லுறது வலையின்ரை கண்தானே." அதற்குப் பிறகு அந்த வீட்டில் அது கண்தான். ஒருநாள் தாளொன்றைப் பெருமையாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 97இன் கீழே 192க்குப் பதில் 240 போட்டிருந்தார். விடை 96. 64 இல்லை.

"பார், வெளியிலை."

"கண்ணை மாத்திப் போட்டிருக்கிறியள், அக்கா. அது கம்பனி தந்த எண். நாங்கள் நினைச்சபடி மாத்தேலாது."

"கம்பனிக்காரன் பிழை விடமாட்டானோ? ஓமோ, இல்லையோ?"

"இதிலை பிழை விட்டால் ஒருத்தருக்கும் இணைப்பு வேலை செய்யாது."

"அப்ப இல்லை."

"இல்லை."

தாளை எடுத்து நாலாக மடித்தார், பிறகு எட்டாக. அதற்குமேல் மடியவில்லை. தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டார். அன்று எனக்குத் தந்த தேத்தண்ணியில் சீனி போட மறந்துவிட்டார். நான் சொல்லாமல் குடித்தேன்.

மாரி மழை பிடித்துக்கொண்ட நாட்களில் ஒரு மத்தியானம், நான் வீட்டில் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அவரே கந்தோருக்கு வந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழை விடும்வரை வரவேற்பறைக் கதிரையில் இருத்தினேன். உள்ளே அவருடைய தொலைபேசிக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை. எங்கள் வைஃபையில் இணைத்துக் கொடுத்தேன். "உங்கடை கந்தோர்க் கதிரை நல்ல மெத்தை. இதிலை இருந்துகொண்டு 'பாப்பம்' எண்டு சொல்ல ஆருக்குத்தான் ஆசை வராது" என்றார். என்னுடன் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். மழை விட்டதும் போய்விட்டார்.

இரண்டொரு நாள் கழித்து, வேலை முடிந்து வீடு திரும்பியபோது ஒழுங்கை முகப்பிலேயே நண்டுக் குழம்பு மணத்தது. வேலையிடத்தில் நண்டோடு மல்லுக்கட்டுகிறவர் வீட்டில் நண்டு சமைக்கவே மாட்டார். தம்பிக்குப் பிடிக்கும் என்பதற்காக அவன் இருந்த காலத்தில் மட்டும் சமைப்பாராம். அக்கா தலை வாரிப் பூ வைத்திருந்தார். கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்ததாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே தாளை என் கையில் திணித்தார்.

கடைசி எண் 135. அழகாக எழுதியிருந்தார்: 10000111. கீழே 11000000. அதற்கும் கீழே 10000000, அதாவது 128.

"நூத்தி இருவத்தெட்டு! அறுவத்துநாலில்லை. கண்ணை நான் மாத்தேல்லை, வடிவாப் பார். மூண்டு தரம் போட்டனான். வெளியிலைதானே? ஓமோ, இல்லையோ?"

நான் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கணக்குப் போடத் தேவையிருக்கவில்லை. அந்த முகவரியை நான் தினமும் காலையில் தட்டச்சுச் செய்கிறேன். எங்கள் கந்தோர் ரவுட்டரின் முதுகில் ஒட்டியிருப்பதும் அதுதான். மெத்தைக் கதிரையில் மழைக்கு ஒதுங்கியிருந்த நேரத்தில் அக்கா வழக்கம்போல் தம்பியின் மெயிலைத் திறந்திருக்கிறார். பக்கத்தின் அடிவரை அன்று போகவில்லை.

"சொல்லன், பிள்ளை. வெளியிலையோ?"

"ஓம், அக்கா. கம்பனிக்கு வெளியிலை."

அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆனால் அது எங்கடை கந்தோர். அண்டைக்கு மழைக்கு வந்து இருந்தியளெல்லே? அப்ப நீங்கள் திறந்தது."

கைகள் வாயிலிருந்து இறங்கவில்லை. குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. அழுவார் என்று நினைத்தேன். அவர் பேனையை எடுத்தார்.

"உங்கடை கந்தோரின்ரை கண் என்ன?"

சொன்னேன். வலையமைப்பு தொடங்கும் எண்ணையும் சொன்னேன். மேசையில் குனிந்து எழுதினார். உதடுகள் அசைந்தன: ஓமும் ஓமும் ஓம், இல்லையும் ஓமும் இல்லை. இடையில் ஒருமுறை பேனை நின்றது, பிறகு ஓடியது. விடை ஒத்துப்போனது.

"உதும் நான்தான்" என்றார். அடுப்பை அணைத்து, பீங்கானை எடுத்து, சோற்றைப் போட்டு, நண்டின் பெரிய காலை எனக்கு வைத்தார். "சாப்பிடு, ஆறப்போகுது." அவர் சாப்பிடவில்லை.

அதன்பிறகு கொஞ்சக் காலம் முகவரிகள் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. தவக்காலம் தொடங்குவதற்கு முதல்நாள், முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"நான் திறக்கிறபடியால்தானே அதிலை நான் நிக்கிறன். நான் திறக்காட்டில்?"

"அப்ப வாறது வேறை ஆள்."

"அவன்."

"கடவுச்சொல் தெரிஞ்ச வேறை ஆரும் இல்லையெண்டால், ஓம். அவர்தான்."

ஊரில் ஒவ்வொருவரும் தவக்காலத்துக்கு ஒவ்வொன்றை விடுவார்கள். இறைச்சியை விடுவார்கள், சிலர் வெற்றிலையை. அக்கா தம்பியின் மெயிலைத் திறப்பதை விட்டார். கடவுச்சொல்லை மாற்றி எனக்கு மட்டும் தெரியும்படி வைக்கட்டுமா என்று கேட்டேன். "விசரே? மாத்தினால் அவன் எப்பிடித் திறக்கிறது?" என்று சீறினார். தொலைபேசியிலிருந்து மட்டும் அதை எடுத்துவிட்டோம்.

அந்த நாட்களில்தான் அவரை நான் மிகவும் சந்தோஷமாகக் கண்டேன். எனக்கு அது பயமாக இருந்தது. தம்பியின் சேட்டுகளைத் தோய்த்து மினுக்கி அடுக்கினார். அவனுடைய கட்டிலை வெயிலில் போட்டார். குழாய்க்காரரைக் கூப்பிட்டு அவனுடைய அறை யன்னலைத் திருத்தச் சொன்னார். அந்த மனிதர் முன்னனுபவத்தில், "ஓம் அக்கா, இண்டைக்கே, ஓம்" என்றார். மாலையில் தேசிக்காயைக் கையில் தேய்த்துக்கொண்டு, "இப்ப திறந்தால் என்ன, பிள்ளை?" என்று கேட்பார். நான் வாய் திறக்குமுன் தானே, "இல்லை" என்பார். திறக்காத ஒவ்வொரு நாளும் அவருக்கு, தம்பி திறந்திருக்கக்கூடிய நாளாக இருந்தது.

உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்து வந்ததும், புதுச் சீலையைக்கூட மாற்றாமல் குசினிக்குள் போனார். "உன்ரை போனிலை திற" என்றார். என் தொலைபேசியின் அப்போதைய முகவரியை முதலில் குறித்துக்கொண்டேன். பிறகு குழப்பம் வரக் கூடாது. வள்ளத்தின் பெயரைத் தட்டச்சுச் செய்தேன். பக்கம் திறந்தது. அடிவரை போனேன்.

மேலே இருந்தது நான், அந்தக் கணத்தில் திறந்தது. அதற்குக் கீழே தவக்காலத்துக்கு முதல்நாள் திகதியுடன் ஒரு முகவரி. அதை மனதிலேயே போட்டுப் பார்த்தேன். உள்ளே. அக்காவுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரியும் இல்லை.

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. கையில் அகப்பை.

"வடிவாப் பார்."

"பாத்தனான், அக்கா."

"திரும்ப ஒருக்கால்."

பக்கத்தை மூடித் திரும்பத் திறந்தேன். இப்போது மேலே இரண்டு வரிகள், இரண்டும் நான். கீழே அவர். அவரிடம் எதையும் நான் சுற்றிவளைத்துச் சொன்னதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சொல்லவேண்டிய சொல்லை வாயில் எடுத்துக்கொண்டேன். அந்த மூச்சு அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"நில்" என்றார். திரும்பவில்லை. அகப்பையை இறுக்கிப் பிடித்த விரல்களில் கீறல்கள் வெளுத்துத் தெரிந்தன.

"பாப்பம் எண்டு சொல்லு, பிள்ளை."

வெளியே ஒழுங்கையில் பிள்ளைகள் புது உடுப்புடன் ஓடும் சத்தம் கேட்டது.

"பாப்பம், அக்கா" என்றேன்.

"ஓம்" என்றார்.